அப்பா தூக்கத்தில் கை காலை வீசுகிறார், இது பார்க்கின்சனின் தொடக்கமா?

முருங்கைமரம்:
அப்பாவுக்கு 64 வயது. மூன்று வருடமாகவே விடியற்காலையில் தூக்கத்தில் கத்துவார், கை காலை வீசுவார். கெட்ட கனவு என்று விட்டுவிட்டோம், பாட்டி மட்டும் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். போன வாரம் அம்மாவுக்கு முகத்தில் ஒரு குத்து, கண்ணுக்குக் கீழே கன்றிப்போய்விட்டது. எழுப்பிக் கேட்டால், "நாய் துரத்திச்சு, உதைச்சேன்" என்று தெளிவாகச் சொல்கிறார். பகலில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக் கணக்கெல்லாம் அவர்தான். இணையத்தில் தேடினால் பார்க்கின்சன், மறதி நோய் என்று பயமுறுத்துகிறார்கள், போதாக்குறைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினாலே மூளை கெட்டுவிடும் என்கிறார்கள். அப்பா தூங்குவதே ஐந்து மணி நேரம்தான். எதை நம்புவது?

நைட்டூட்டி:
தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. நீங்கள் சொல்வது ரெம் தூக்க நடத்தைக் கோளாறு மாதிரி இருக்கிறது. கனவு அதிகம் வரும் ரெம் தூக்கத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைக் கட்டிப் போட்டுவிடும், அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலிலேயே கிடக்கிறோம். அந்தக் கட்டு அவிழ்ந்தால் கனவில் விட்ட உதை பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். 1986-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இருவர்தான் இதை மனிதர்களிடம் தனி நோயாக எழுதினார்கள்.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் மறைக்கவும் முடியாது. வேறு காரணம் எதுவும் இல்லாமல் இது வந்த 1,280 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. வருடத்துக்கு நூற்றில் ஆறு பேர் வீதம் பார்க்கின்சனுக்கோ, அதற்கு நெருங்கிய சொந்தமான லூயி பாடி மறதி நோய்க்கோ மாறினார்கள், 12 வருடத்தில் முக்கால்வாசிப் பேர். ஆனால் மூச்சுத் திணறலோடு குறட்டை விடுகிறவர்களும் இதே மாதிரி உதைப்பது உண்டு, சில மனச்சோர்வு மாத்திரைகளும் இதைக் கிளப்பும். இரவு முழுக்க ஒயர் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை செய்யாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

தயிர்சாதம்:
அந்த ஐந்து மணி நேரக் கதை வேறு, இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் கிட்டத்தட்ட 8,000 பேரை 25 வருடம் தொடர்ந்த ஆய்வு அது. 50, 60 வயதில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல். பத்துப் பேருக்கு வரும் இடத்தில் பதின்மூன்று பேர், அவ்வளவுதான். குறைந்த தூக்கம்தான் காரணம் என்றும் அது நிரூபிக்கவில்லை. தூக்கத்தில் மூளை கழிவைக் கழுவுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது 2013-ல் எலிகளிடம் பார்த்தது. 2024-ல் லண்டனில் வேறொரு குழு எலிகளிடமே நேர்மாறாகப் பார்த்திருக்கிறது. சண்டை இன்னும் முடியவில்லை.

ஓரத்துச்சீட்டு:
என் மாமனாருக்கு இதே கதை. நிறுத்த மருந்தே இல்லாத நோயைப் பத்து வருடம் முன்னாலேயே தெரிந்துகொண்டு என்ன செய்வது? தினமும் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் மனுஷன். நானாக இருந்தால் அம்மாவைத் தனிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன்.

நைட்டூட்டி:
உங்கள் கோபம் நியாயம்தான், எல்லோரும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் உதைப்பதைக் குறைக்க மெலடோனின், குளோனாசெபாம் என்று மருந்து இருக்கிறது, டாக்டர்தான் எழுத வேண்டும். இன்னொன்று, பின்னால் லூயி பாடி நோய் வந்து ஆள் குழம்பிக் கத்தும்போது அவசரத்தில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைப் போட்டால் சிலருக்கு உடம்பே இறுகிப்போய் ஆபத்தாகிவிடும், அந்த நேரத்தில் இந்தப் பழைய தூக்கக் கதையைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பது பெரிய விஷயம். அதுவரை கட்டில் பக்கத்து மேசை, கண்ணாடிச் சாமானை நகர்த்துங்கள். அப்புறம், அப்பாவுக்கு மலச்சிக்கல் உண்டா, வாசனை சரியாகத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், அவையும் பார்க்கின்சனுக்கு முன்னாலேயே தலைகாட்டும் அறிகுறிகளாக இருக்கலாம்.

முருங்கைமரம்:
எல்லோருக்கும் நன்றி. மனச்சோர்வு மாத்திரை எதுவும் இல்லை, குறட்டையும் பெரிதாக இல்லை. வரும் வியாழக்கிழமை நரம்பியல் டாக்டரிடம் போகிறோம். வாசனை பற்றி அம்மாவிடம் கேட்டேன். பொங்கலுக்கு முன்னால் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.