பிள்ளை மடுவத்துச் சுவர் எழுத்தை மண்சரிவு நோட்டீஸுக்கும் போடலாமா?

ஹட்டன்_அச்சு: நம்ம தோட்டத்துப் பொடியன்கள், வேலைக்குப் போறவங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போற பிள்ளை மடுவத்துச் சுவரில் பலூ தம்பி எழுத்துருவைப் பார்த்துப் பெயர் வரைஞ்சாங்க. உருண்டு திரண்ட விளையாட்டு எழுத்து, பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. அது சரி. இப்ப மண்சரிவு எச்சரிக்கையையும் முழுக்க அதிலேயே அடிச்சு லயம் லயமா, வீட்டு வரிசைக்கு வரிசை ஒட்டியிருக்காங்க. இது கூடவே கூடாது.

லிந்துலை_மலர்: ஏன் கூடாது அண்ணே? இத்தனை வருசமா நமக்கு வந்த அறிவித்தல் எப்படி இருந்துச்சு? மேலே சிங்களம் பெரிசா, கீழே தமிழ் பொடியா, அதுவும் பிழையோட. யாரும் நின்னு பார்த்ததில்ல. இதைக் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல பொம்பளைங்க கூடி நின்னு பார்த்தாங்க.

ஹட்டன்_அச்சு: பார்த்தது தலைப்பை, தங்கச்சி. கீழே உள்ளதை வாசிக்க முடிஞ்சதா? போட்டோ கொப்பி எடுத்த தாள் என் கையில இருக்கு. 'மண்சரிவு'ல ண-வோட சுழி மை அடைச்சுக் கருப்புத் திட்டா நிக்குது. 'வெளியேறவும்'ல கடைசிப் புள்ளி ம-வோட ஒட்டிப்போச்சு. தடிச்ச எழுத்தைச் சின்னதாக்கினா உள்ளே இருக்கிற வெள்ளைதான் முதல்ல போகும். அது தலைப்புக்குன்னே வரைஞ்ச எழுத்து, பெரிசா நின்னாத்தான் அழகு. மஞ்சள்னா விழிப்பா இரு, சிவப்புன்னா உடனே வெளியேறு. இந்த வித்தியாசம் ஒரு பார்வையில புரியணும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை யாரும் மறக்கல.

பதுளை_தூரிகை: இன்னொண்ணையும் பாருங்க. பலூ தம்பியில தமிழும் ஆங்கில எழுத்தும் இருக்கு, சிங்களம் இல்ல. அதனால நோட்டீஸ்ல சிங்களம் நேரான எழுத்துல வந்திருக்கு. பக்கத்துல தமிழ் பிறந்தநாள் கார்டு மாதிரி நிக்குது. ஒரே ஆபத்து, ஒரு மொழிக்கு உத்தரவு, இன்னொரு மொழிக்குக் கொண்டாட்டமா? சுவரெழுதிப் பிழைக்கிறவன் நான், எனக்கு இது வலிக்குது.

லிந்துலை_மலர்: சிங்களம் பத்திச் சொன்னது நியாயம். நோட்டோ சான்ஸ் எழுத்துருக் குடும்பத்துல ரெண்டு மொழிக்கும் எழுத்து இருக்கு, கீழே உள்ள விவரத்தை அதுல போடலாம். ஆனா விளையாட்டு எழுத்தைச் சுவரோட நிறுத்தச் சொல்லாதீங்க. காமன் கூத்து நோட்டீஸுக்கு நான் கவிவனார் எழுத்துரு போட்டேன். சாய்ஞ்ச கையெழுத்து, நம்ம இலங்கை தாரிக் அஸீஸ் வரைஞ்சது. கூத்து வாத்தியாரே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. தேயிலைப் பைக்கட், கதைப் புத்தக அட்டை, விளையாட்டுப் போட்டி பேனர், எல்லாத்துக்கும் இப்படி உயிருள்ள எழுத்து நமக்கு வேணும். எச்சரிக்கைக்கும் தலைப்பு பலூ தம்பியிலதான் இருக்கணும், தூரத்துலேயே கண்ணுல படும்.

பதுளை_தூரிகை: கூத்துக்குத் தாராளமா போடுங்க, பேனருக்கும் போடுங்க. எச்சரிக்கைத் தலைப்புக்கு வேணாம். கண்ணுல படணும்னா அளவைக் கூட்டுங்க, சுத்தி வெள்ளை இடம் விடுங்க. பிள்ளை மடுவத்துல தினமும் பார்க்கிற அதே எழுத்துல 'ஓடு'ன்னு எழுதினா யார் பதறுவாங்க?

லிந்துலை_மலர்: பழகின எழுத்துன்னாத்தான் வாசிப்பாங்க அண்ணே. நான் இதுல மாறமாட்டேன்.

ஹட்டன்_அச்சு: தலைப்புச் சண்டை நடக்கட்டும். மழை விட்டபாடில்ல, விவரப் பகுதியை இன்னிக்கே மாத்தி அனுப்புங்க. யுனிகோடாவே அனுப்புங்க, பழைய பாமினி எழுத்துருவுக்கு மாத்தினா எழுத்துச் சிதறும். ரெண்டு மொழியும் ஒரே அளவு. ராத்திரியே அடிச்சுத் தாரேன், காசு வேணாம்.