நாயோடும் பூனையோடும் வந்த விருந்தினர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடிவீடு:
விடுமுறைக்கு வீட்டை வாடகைக்கு விடுபவர்களும், செல்லப்பிராணியோடு அப்படிப்பட்ட வீடுகளில் போய்த் தங்குபவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாயை அழைத்து வரலாமா என்று கேட்டால் சரி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. உங்கள் வீட்டில், அல்லது நீங்கள் போன வீட்டில் நடந்ததை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்களிடம் வந்த முதல் நாய் வயதான ஒரு லாப்ரடார். புக்கிங் செய்த அம்மா முன்கூட்டியே விவரமாகச் செய்தி அனுப்பியிருந்தார். பின்னங்கால் மூட்டுகளில் வலி, படி ஏறாது, வழவழப்பான தரையில் நிற்கப் பயப்படும், நடு ராத்திரியில் ஒரு தடவை வெளியே போக வேண்டும், தனியாக விட்டால் குரைக்கும். அதைப் படித்த பிறகு கீழ்த்தள அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தோம். வாசலிலிருந்து படுக்கை வரைக்கும், அங்கிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்புகளை வரிசையாகப் போட்டு வைத்தோம். வந்த நாய் டைல்ஸ் மேல் ஒரு காலை வைத்துப் பார்த்தது. உடனே எடுத்து விரிப்பின் மேல் வைத்தது. அப்புறம் விரிப்பை விட்டு இறங்காமலே அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து யார் செல்லப்பிராணியோடு வருவதாகச் சொன்னாலும், அதன் வயது, பழக்கம், பயம் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன். பல வீடுகளில் நாயின் எடை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று விதி போடுகிறார்கள். எடையை வைத்து நாயின் குணத்தைச் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து.

ஊர்சுற்றி:
நான் விருந்தினர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். விளம்பரத்தில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி என்று தெளிவாகப் போட்டிருந்த ஒரு வீட்டுக்கு எங்கள் நாயோடு போயிருந்தோம். பெட்டிகளை இறக்கிய பிறகுதான் உரிமையாளர் சொன்னார், நாய் வீட்டுக்குள் வரக்கூடாது, பின்பக்கக் கொட்டகையில்தான் கட்ட வேண்டும் என்று. பிறந்ததிலிருந்து எங்கள் கட்டில் ஓரத்தில் தூங்கிப் பழகிய நாய் அது. முன்பின் தெரியாத இடத்தில், இருட்டில், எங்களை விட்டுத் தனியாக எப்படி இருக்கும்? அன்று இரவு நானும் மகளும் மாறி மாறிக் கொட்டகையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: எந்த அறை வரைக்கும் வரலாம், சோபாவில் ஏறலாமா, வெளியே போகும்போது விட்டுவிட்டுப் போகலாமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு, அது ஒரு நாளுக்கா மொத்தத் தங்கலுக்கா? இவை புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும். வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. வேறு வீடு பார்த்துக்கொள்வோம்.

சாவிக்கொத்து:
ஊர்சுற்றி சொன்னதில் 'விட்டுவிட்டுப் போகலாமா' என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டில் நடந்த சேதத்தில் பெரும்பாலானது நாய் தனியாக இருந்த நேரத்தில் நடந்ததுதான்.

ஒரு குடும்பம் நல்ல பழக்கமுள்ள ஒரு நாயோடு வந்தது. பகலெல்லாம் சத்தமே இல்லை. சாயங்காலம் அதை அறையில் விட்டுவிட்டு வெளியே சாப்பிடப் போனார்கள். அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும் குரைக்க ஆரம்பித்தது, பிறகு ஊளையிட்டது. அவர்கள் திரும்பி வந்ததும் நானும் போய்ப் பார்த்தேன். கதவின் கைப்பிடிக்குக் கீழே மரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. ஜன்னல் விளிம்பிலும் நகக் கீறல். ஆனால் தலையணை, செருப்பு, திரைச்சீலை எதையும் அது தொடவில்லை. வெளியேறும் வழிகளை மட்டுமே பிறாண்டியிருந்தது. எஜமானரைத் தேடி வெளியே போகப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சேட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தன் வீட்டில் சமர்த்தாகத் தனியாக இருக்கும் நாய்கூடப் புது வீட்டில் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. பழகிய வாசனை இல்லை, பழகிய சத்தம் இல்லை, போனவர்கள் இங்கேயே திரும்பி வருவார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் முதல் நாள் தனியாக விட வேண்டாம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நாள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வெளியே நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கூண்டில் இருந்து பழகிய நாய் என்றால் அதன் சொந்தக் கூண்டையே கொண்டு வரச் சொல்வேன். பழகாத நாயைக் கூண்டில் அடைத்தால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும், அது இன்னும் மோசம்.

அந்தக் குடும்பம் மரவேலைக்கான செலவைத் தயங்காமல் கொடுத்தது. அப்படி நடக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: வீடுகளை வாடகைக்குப் பதிவு செய்யும் ஏர்பிஎன்பி தளம் வழியாக வந்தவர்கள் என்றால், அவர்கள் வெளியேறிய 14 நாட்களுக்குள் சேதத்துக்கான கோரிக்கையை அனுப்ப வேண்டும். படம், ரசீது எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்து வையுங்கள்.

பூனைவால்:
எல்லோரும் நாயைப் பற்றியே எழுதுகிறீர்கள். பூனையோடு பயணம் செய்வது வேறு விஷயம்.

நாங்கள் தங்கிய ஒரு வீட்டில் வரவேற்புக்காக மேசையில் ஒரு ஜாடி நிறைய லில்லிப் பூக்கள் வைத்திருந்தார்கள். அன்பாகச் செய்தது, ஆனால் பூனைக்கு அது எமன். இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் கொஞ்சம் உள்ளே போனாலே போதும், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத் தூளை நக்கினாலே ஆபத்து. கூடையைத் திறக்காமல் காரிலேயே வைத்துக்கொண்டு, உரிமையாளரை அழைத்துச் சொன்னேன். அவர் பதறிப்போய் ஓடி வந்து பூக்களை எடுத்துக்கொண்டு, மேசையையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

இன்னொன்று, புது இடத்தில் பூனை ஒளிந்துகொள்ளத்தான் பார்க்கும். கட்டிலின் அடிப்பகுதித் துணி கிழிந்திருந்தால் அதற்குள் ஏறிவிடும். சமையல் அலமாரிக்குப் பின்னால் குழாய் போகும் ஓட்டை அதற்கு வாசல் மாதிரி. அதனால் போனதும் ஒரு சின்ன அறையில் மட்டும் விட்டு, கழிப்பெட்டி, தண்ணீர், எங்கள் பழைய சட்டை ஒன்று எல்லாம் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். அது தானாக வெளியே வந்து உடம்பைத் தேய்க்கும் வரை மற்ற அறைகளைத் திறப்பதில்லை. மேல்மாடி வீடு என்றால் ஜன்னலில் வலை இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் தப்பித்துவிடும் என்று நம்பாதீர்கள்.

தோட்டக்காரன்:
லில்லி என்றதும் ஞாபகம் வந்தது. வீட்டுத் தோட்டத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். அழகுக்காக வைக்கும் சைகஸ் செடி நாய்க்குக் கொடிய விஷம், அதிலும் அதன் விதை கல்லீரலையே அழித்துவிடும். அரளி இதயத்தைத் தாக்கும். எலி மருந்தையும் நத்தை மருந்தையும் நாய்கள் தின்பண்டம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடும். என் தோட்டத்தில் சைகஸைச் சுற்றிக் கம்பிவலை அடித்துவிட்டேன், மருந்து வைப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

கிளிக்கூடு:
பறவை வளர்ப்பவர்கள் யாரும் எழுதவில்லையே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டாத பூச்சுள்ள டெஃப்லான் வாணலியை வெறுமனே அடுப்பில் வைத்து அதிகமாகச் சூடாக்கினால் ஒரு புகை வரும். பல சமயம் அது நம் மூக்குக்கே தெரியாது. கிளி போன்ற பறவைகள் அதைச் சுவாசித்தால் சில நிமிடங்களில் செத்துவிடும். தெரியாத வீட்டுச் சமையலறையில் என்ன பாத்திரம் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. நான் இரும்புத் தோசைக்கல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போகிறேன். ஒரு வீட்டுக்காரர் நாங்கள் கேட்டவுடனே வாணலிகளை எல்லாம் எடுத்து உள்ளே பூட்டிவிட்டு, அறைக்கு மணம் பரப்பும் ஸ்பிரேயையும் நிறுத்திவிட்டார். அந்த அக்கறையை மறக்க முடியாது.

வெள்ளைவிரிப்பு:
சுத்தம் செய்வது என் பொறுப்பு, அதனால் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

சிறுநீர் பட்ட இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது. சிறுநீரிலும் அந்த வாடைதான் இருக்கிறது என்பதால் அடுத்து வரும் நாயும் அதே இடத்தைத் தேடிப் போகும். என்சைம் கிளீனர் என்று கிடைக்கிறது, அதை ஊற்றி உடனே துடைக்காமல் ஊற விட வேண்டும். காய்ந்துபோன பழைய கறை கண்ணுக்குத் தெரியாது. அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கலாக ஒளிரும். பூனை தங்கப்போகும் வீடு என்றால், தண்ணீரில் ஊற்றியதும் பாலாகத் திரளும் பீனால் வகைக் கிருமிநாசினியைத் தரையில் போடாதீர்கள். காலில் ஒட்டியதை அது நக்கும், அதன் கல்லீரலால் அதை எளிதில் சிதைக்க முடியாது.

அப்புறம் தெள்ளுப்பூச்சி. ஒரு தடவை நாய் தங்கிப்போன வீடு சில வாரங்கள் காலியாகக் கிடந்தது. பிறகு பிராணி எதுவும் இல்லாமல் வந்த ஒரு தம்பதிக்கு முதல் நாளே கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்புகள். கூட்டுப்புழுவாகத் தன் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று வந்ததும் வெளியே பாயும். வேக்யூம் கிளீனரால் சோபா இடுக்கு, கட்டில் அடி, விரிப்பின் ஓரம் எல்லாவற்றையும் உறிஞ்சி, பையை உடனே கட்டி வெளியே போட வேண்டும். பிராணி தங்கிய ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறோம்.

தென்றல்:
எவ்வளவு சுத்தம் செய்தாலும் போகாத ஒன்றும் உண்டு. அதனால்தான் என் இரண்டு வீடுகளில் ஒன்றில் எந்தப் பிராணியையும் அனுமதிப்பதில்லை. என் அக்காவுக்கு ஆஸ்துமா. பூனை போன பிறகும் அதன் எச்சிலிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் ஒவ்வாமைப் பொருள் துணியிலும் தூசியிலும் பல மாதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு துவைத்தாலும் முழுதாகப் போகாது. ஒரே வீட்டைக் காட்டி, பிராணிகளும் வரலாம், ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நல்லது என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூச்சுத்திணறலோடு ராத்திரி எழுந்து உட்காருபவர்களின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மாடிவீடு:
தென்றல் சொல்வது நியாயம், அதை எங்கள் விளம்பரத்தில் இன்றே சேர்க்கிறேன். ஒன்றை மட்டும் கூடச் சொல்கிறேன். பார்வையற்ற ஒருவர் வழிகாட்டி நாயோடு வந்தார். அதைச் செல்லப்பிராணிக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஏர்பிஎன்பி விதியிலும் அப்படியே, சேவை நாய்க்குப் பிராணிக் கட்டணம் வாங்க முடியாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நாற்காலி, மேசை எதையும் தங்கும் நாட்களில் இடம் மாற்றாதீர்கள் என்றார். மாற்றவில்லை.

சாவிக்கொத்து:
ஒன்று விட்டுப்போனது. பெட்டி இறக்கும் நேரத்தில்தான் நாய் ஓடும். எங்கள் வாசலில் அப்படி ஒரு நாய் காரிலிருந்து குதித்து ஓடியது. கழுத்துப்பட்டையில் இருந்ததோ அவர்கள் வீட்டு லேண்ட்லைன் எண், அதை எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் தூரம் போகும் என்று சொல்லி, நாயின் எஜமானர் போட்டிருந்த சட்டையை வாசலில் விரித்து, கேட்டைத் திறந்தே வைத்தோம். இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. இப்போது வருகிறவர்களுக்கு முன்பே செய்தி அனுப்புகிறேன்: பட்டையில் கையில் இருக்கும் மொபைல் எண் இருக்கட்டும், தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் பதிவான எண் பழையதா என்று பாருங்கள், கேட்டைச் சாத்திவிட்டோம் என்று நாங்கள் சொன்ன பிறகே கார்க் கதவைத் திறங்கள்.