காக்பிட்டில் போன்: உங்களுக்கு எப்படி?

நான் ஓட்டுவது இரண்டு இருக்கை விமானம். டேப்லெட் வைத்தால் கண்ட்ரோல் ஸ்டிக்கில் இடிக்கும், அதனால் வரைபடம், வானிலை எல்லாமே போனில் உள்ள விமான ஆப்பில்தான்.

தரையில் இருக்கும்வரை குறையே இல்லை. மெட்டார் (விமான நிலையத்தின் இப்போதைய வானிலை), டாஃப் (அதன் முன்னறிவிப்பு), நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வரைபடத்தில் வழியை விரலால் இழுத்து மாற்றினால் காற்றையும் சேர்த்து நேரமும் எரிபொருளும் கணக்காகிவிடும். (மணிக்கு எத்தனை லிட்டர் என்று நாம் கொடுத்த எண்ணை அது அப்படியே நம்பும் என்பது வேறு விஷயம்.)

மேலே போனதும் வெயில்தான் முதல் எதிரி. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைதான். கேனப்பிக்கு (தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூரை) அடியில் அதைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? முதலில் திரை மங்கியது, அப்புறம் வரைபடம் போய் வெப்ப எச்சரிக்கை மட்டும் நின்றது. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது வேறு. இப்போது கண்ணாடிப் பக்கமே வைப்பதில்லை. காற்று வரும் துவாரத்துக்கு எதிரில் ஹோல்டர். போலராய்டு கூலிங் கிளாஸ் போடுபவர்கள் போனைக் குறுக்கே திருப்பிப் பாருங்கள், சில போன்களில் திரை கறுத்துவிடும்.

பதில்:
ஏரோபிளேன் மோடில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான போன்களில் செய்யும். அது செயற்கைக்கோள் சிக்னலை வாங்குவதோடு சரி, எதையும் அனுப்புவதில்லை. ஆனால் நெட்வொர்க் உதவி இல்லாமல் நாம் இருக்கும் இடத்தை முதல் தடவை கண்டுபிடிக்க நேரமாகும். அதனால் விமானம் நிற்கும் இடத்திலேயே ஆப்பைத் திறந்து, நம் இடத்தைக் காட்டும் புள்ளி வந்த பிறகுதான் மோடை மாற்றுவேன். வரைபடம் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. அதில் உள்ள வான்வெளி, விமான நிலைய விவரங்கள் 28 நாளுக்கு ஒருமுறை மாறும்.

பதில்:
நான் பயிற்சி கொடுப்பவன். வெயில் நாளில் மாணவர்கள் தவறாமல் கேட்பது: "சார், போன் ஒரு உயரம் காட்டுகிறது, ஆல்டிமீட்டர் ஒரு உயரம் காட்டுகிறது, எது சரி?" போன் காட்டுவது ஜிபிஎஸ் உயரம், ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி. காற்று, அந்த உயரத்துக்கு என்று கணக்கில் வைத்திருக்கும் நிலையான வெப்பத்தைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் உண்மை உயரம் ஆல்டிமீட்டர் காட்டுவதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். கடல் மட்டத்துக்கு அருகே உள்ள ஓடுபாதையிலிருந்து கிளம்பி ஆல்டிமீட்டர் 6000 அடி காட்டும்போது, 20 டிகிரி கூடுதல் என்றால் வித்தியாசம் 500 அடியை நெருங்கும். போன் பொய் சொல்லவில்லை. ஆனால் எதிரே வருபவரும் கண்ட்ரோலரும் காற்றழுத்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள், நீங்கள் மட்டும் போன் எண்ணைப் பிடித்துப் பறந்தால் ஆபத்து அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பதில்:
காந்த மூடி போட்ட போனைத் திசைகாட்டி பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முள் எங்கோ போகும். இன்னொன்று, மழை ரேடார் படம். திரையில் பார்ப்பது சில நிமிடங்களுக்கு முந்தைய மேகம். அதில் தெரியும் இடைவெளியை நம்பி இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே நுழையும் ஆட்களோடு நான் பறக்கமாட்டேன். சுற்றிப் போகவா, திரும்பவா என்று முன்கூட்டியே முடிவெடுக்க மட்டும் அது போதும்.