‘விசாரணை’ பார்த்தபோது உங்களுக்கு என்ன நடந்தது? நெல்லைப் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

பேட்டைக்காரன்:

ஆந்திராவில் குண்டூரில் வேலை பார்க்கிற நாலு தமிழ்ப் பையன்களைப் பிடித்து, செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி போலீஸ் அடிக்கிற வெற்றிமாறன் படம். கதை தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோர்ட் காட்சி.

2016 பிப்ரவரி, படம் வந்த வாரம். ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் இரவுக் காட்சி. குண்டூர் லாக்கப்பில் அடி விழ ஆரம்பித்ததிலிருந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டு கையையும் மடக்கி வயிற்றோடு அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பாட்டு கிடையாது, மூச்சு விட ஒரு இடம் கிடையாது. அப்புறம் கோர்ட். பையன்களில் ஒருவனாக வருகிற தினேஷ் தமிழில் கொட்டுகிறார், நீதிபதிக்குப் புரியவில்லை. வேறொரு ஆளைத் தூக்குவதற்காக அங்கே வந்து நிற்கிற தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் சமுத்திரக்கனி அதைத் தெலுங்கில் எடுத்துச் சொல்கிறார். தன் பேச்சு கடைசியில் ஒருவர் காதில் ஏறுகிறது என்று தெரிந்ததும் தினேஷ் முகம் மாறுகிறதே, அந்த இடத்தில் தியேட்டரில் எழுந்த கைதட்டலை எந்த ஹீரோ அறிமுகத்துக்கும் நான் கேட்டதில்லை. ‘நம்ம ஆளு வந்துட்டாம்லே’ என்று பின்னால் ஒருத்தர் கத்தினார். சமுத்திரக்கனிக்கு ஊர் ராஜபாளையம் பக்கம் சேத்தூர் என்பதால் அந்தக் கத்தலில் ஒரு சொந்தமும் இருந்தது.

அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஏனென்றால் அந்தப் பையன்கள் சாகப் போவதே அந்த மனிதரால்தான். அடித்த ஆந்திர போலீஸிடமிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள், காப்பாற்றிய தமிழ் போலீஸோடு வண்டியில் ஏறியதால் சாகிறார்கள். சமுத்திரக்கனி எந்த இடத்திலும் கெட்டவன் மாதிரி ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அதனால்தான் தியேட்டரே அவரை நம்பியது. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கொடுத்தார்கள், எனக்கு அதுவே குறைவு என்று படுகிறது.

உங்களுக்கு எந்த இடம்? எழுதுங்கள்.

திசையன்விளைக்காரி:

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பையன் வெளியூர் மளிகைக் கடையில் இருப்பான். என் தம்பி விஜயவாடா பக்கம் ஒரு கடையில் நிற்கிறான். இந்தப் படத்தை டிவியில் போட்டபோது அம்மாவும் நானும் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தோம்.

பையன்கள் பார்க்கில் படுத்துக் கிடக்கிறார்கள், போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. இன்னும் அடியே ஆரம்பிக்கவில்லை. அம்மா எழுந்து போய் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். ‘எய்யா, ராத்திரி எங்க படுக்க?’ கடைக்குள்ளேதான் என்றான். ‘ஆதார் கார்டு சட்டைப் பையில இருக்கா, பெட்டியில இருக்கா?’ பெட்டியில் என்றான். ‘எடுத்துப் பையில வையி. இப்பவே வையி, நான் லைன்ல இருக்கேன்.’ அவன் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதற்குப் பிறகுதான் போனை வைத்தாள். டிவியையும் அணைத்துவிட்டாள். மீதிப் படத்தை நான் பிறகு போனில் தனியாகப் பார்த்தேன்.

நடிப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தினேஷ் அந்தப் பார்க்கில் காலையில் எழுந்து முகம் கழுவிக் கடைக்குப் போகிற அந்தப் பக்குவம் அப்படியே என் தம்பிதான். ஊரில் ஒரு வேலைக்கும் எழுந்திருக்க மாட்டான், அங்கே போனதும் ஆளே மாறிவிட்டான். அதை நடித்துக் காட்டியதால்தான் அம்மாவுக்கு அவ்வளவு பயம் வந்தது.

ஏட்டு மகன்:

பேட்டைக்கார அண்ணாச்சி, ‘அவரால்தான் சாகிறார்கள்’ என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. படத்தைச் சரியாகப் பாருங்கள். முத்துவேல், அதுதான் சமுத்திரக்கனி, வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறார், இழுத்துப் பார்க்கிறார், கடைசியில் அவருக்கும் அதே குண்டுதான் விழுகிறது. சுட்டது சொந்த டிபார்ட்மெண்ட்.

எங்கப்பா ஏட்டாக ரிட்டயர் ஆனவர். போலீஸ் படம் போட்டாலே ‘இதெல்லாம் கதை’ என்று எழுந்து போய்விடுவார். இதையும் குண்டூர் முடிகிற வரைக்கும் அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சென்னை வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. முத்துவேல் குண்டூரிலிருந்து தூக்கிவந்த ஆடிட்டர் கேகே, அதுதான் கிஷோர், அடி தாங்காமல் செத்துப்போன பிறகு உடம்பை என்ன செய்யலாம் என்று அதிகாரிகள் பேசுகிறார்களே, அப்போது அப்பா என் தோளைத் தொட்டு முத்துவேலைக் காட்டிச் சொன்னார்: ‘அவன் சார் சார்ங்கான் பாரு. ஒவ்வொரு சாருக்கும் ஒரு படி இறங்குதான்.’ திரும்ப அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது, தோள் இறங்குகிறது, கண் மட்டும் எதிரே இருப்பவரை விடாமல் கெஞ்சுகிறது. வேறு எந்த நடிகரும் அந்த இடத்தில் ஒரு வசனம் பேசிக் கோபத்தைக் காட்டியிருப்பார்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார், எந்த ரூமில் எந்த சாருக்கு முன்னால் நின்றார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்கிறேன். கீழே இருப்பவன் பேசலாம் என்று வெளியில் இருந்து சொல்வது சுலபம். தமிழ்நாட்டில் போலீஸ்காரனுக்கு ஒரு சங்கம்கூடக் கிடையாது. பஸ் டிரைவருக்கு உண்டு, வாத்தியாருக்கு உண்டு. லீவு வாங்க அய்யா வீட்டு வாசலில் நிற்கிறவன் எங்கே போய் எதைப் பேசுவான்?

முக்கூடல்:

ஒரு திருத்தம். இது முழுவதும் நடந்த கதை என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். குண்டூர் பாதிதான் கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் 1983இல் பட்டதை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நாவல். சென்னைப் பாதி வெற்றிமாறன் சேர்த்தது. ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் இரண்டையும் இணைத்ததில்தான் படத்தின் பலமே இருக்கிறது. எடிட்டிங் செய்த கிஷோர் (நடிகர் கிஷோர் இல்லை, இவர் வேறு) படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார், தேசிய விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது.

எனக்கு மறக்காதது தினேஷும் இல்லை, சமுத்திரக்கனியும் இல்லை. குண்டூர் இன்ஸ்பெக்டராக வந்த அஜய் கோஷ். பெரிய இடத்தில் திருட்டு, மேலேயிருந்து நெருக்கடி, கேஸை முடிக்க நாலு ஆள் வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. அந்தப் பையன்கள் மேல் கோபமே கிடையாது. அடித்து அடித்துக் களைத்துப்போய் நிற்கிறார் பாருங்கள், பீடிக் கட்டுக்குக் கணக்கு முடிக்கிற ஏஜெண்ட் மாதிரி, இன்னும் எவ்வளவு பாக்கி என்கிற முகம். கோபத்தில் அடிக்கிறவனிடம் கெஞ்சலாம். இவரிடம் எதைச் சொல்லிக் கெஞ்ச?

வக்கீல் குமாஸ்தா, பாளை:

நான் சினிமா அதிகம் பார்க்கிறவன் இல்லை. கோர்ட் காட்சி என்றதால் எழுதுகிறேன்.

எங்கள் கோர்ட்டில் ஒருநாள் ரிமாண்டுக்கு ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் வழக்கம்போல ‘போலீஸ் அடிச்சாங்களா?’ என்று கேட்டார். பையன் அவரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் ஃபைலோடு நின்ற போலீஸ்காரரைப் பார்த்தான். பார்த்துவிட்டு ‘இல்லய்யா’ என்றான். நான் பின்னால் நின்றேன். அவன் இடது குதிகாலைத் தரையில் ஊன்றவே இல்லை, விரல்களில் நின்றான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்புக்கு மேலேதானே தெரியும்? படத்தில் நீதிபதிக்குப் பாஷை புரியவில்லை. இங்கே பாஷை எல்லாருக்கும் ஒன்றுதான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் சில விஷயங்கள் சொல்கிறேன். யாரைக் கைது செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும்தான் கழிவு. இது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 58ஆவது பிரிவாக இருக்கிறது. கைது செய்யும்போது நேரம், தேதி போட்டு ஒரு குறிப்பு எழுத வேண்டும், வீட்டாரோ உள்ளூர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். காவலில் இருக்கிற வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். எல்லாம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. படத்தில் ‘ஒத்துக்கொள், ஒத்துக்கொள்’ என்று அடிக்கிறார்களே, அதற்குக் காரணம் அந்தப் பையன்களுக்கு இது தெரியாது என்பதுதான். மாஜிஸ்திரேட் முன்னாலேயே போய் ஒத்துக்கொள்ள வைத்தால்தான் கேஸ் நிற்கும். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஸ்டேஷனில் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தனியாக ஒரு தீர்ப்பும் கொடுத்திருக்கிறது.

பேட்டைக்காரன்:

குமாஸ்தா அண்ணாச்சி, சட்டம் எல்லாம் சரி. நான் கேட்டது படம் பார்த்த அனுபவம். ஆனால் அந்தக் குதிகாலைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேமராவைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2020இல் அப்பனும் மகனும் காவலில் செத்த வழக்கில், சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்க ஹார்டு டிஸ்கில் வேண்டிய இடமும் இருந்தது. தினமும் தானாகவே அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார்.

ஏட்டு மகனுக்கு: முத்துவேலைக் கெட்டவன் என்று நான் எழுதவே இல்லை. நல்லவனாக இருந்துகொண்டேதான் அவர் கேகேயைத் தூக்க அந்தப் பையன்களைக் கூட்டாளியாக்கினார். அந்த இடத்தில் யாரும் அவருக்குத் துப்பாக்கி காட்டவில்லை. விடுதலை வாங்கிக் கொடுத்ததற்குக் கூலியாக அதைக் கேட்டார், அவர்களும் நன்றியில் செய்தார்கள். சமுத்திரக்கனி அதை எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார் என்று பாருங்கள். ஒரு கை பிடி என்பது போலக் கேட்பார்.

திசையன்விளைக்காரி:

ஏட்டு மகன் தம்பி, கீழே இருப்பவர் பேச முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சாத்தான்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர். 2020 ஜூனில் கடையைச் சாத்த நேரமானது என்று பிடித்துக்கொண்டு போன அப்பனும் மகனும், கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். அதைக் கண்டித்து, ஊரடங்கு நேரத்திலும் எங்கள் பஜாரில் கடைகளை அடைத்தார்கள். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர்தான் மாஜிஸ்திரேட்டிடம் விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததையும் சொன்னார். அவருக்கும் மேலே சார்கள் இருந்தார்கள், அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பயந்துகொண்டேதான் சொன்னார். முத்துவேலைவிடப் பெரிய பதவி இல்லை அவருக்கு.

ஏட்டு மகன்:

அக்கா, அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேசியிருக்கிறோம். அப்பா அவரை ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. நான் சொல்ல வந்தது, அவர் பேசியதால் ஹைகோர்ட் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. தடயம் அழியாமல் இருக்க ஸ்டேஷனையே வருவாய்த் துறையிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோர்ட் பின்னால் நிற்காவிட்டால்? முத்துவேலுக்குப் பின்னால் யார் நின்றார்கள்? இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

மாஞ்சோலைப் பிள்ளை:

நீளமாக எழுத வராது. கடைசியில் இருட்டில் சேற்றுக்குள் ஓடி ஒளிகிறார்களே, அந்த இடத்தில் எங்கம்மா எழுந்து போய்விட்டாள். 1999 ஜூலை 23இல் கொக்கிரகுளத்தில் தடியடி நடந்தபோது தாமிரபரணிக்குள் இறங்கித் தப்பியவள். அன்று 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. மாஞ்சோலை எஸ்டேட் கூலிக்காகக் கேட்கப் போனவர்கள். படத்தில் பேட்டரி விளக்கை அடித்துத் தேடுகிற சத்தமும், தண்ணீரில் கால் வைக்கிற சத்தமும் மட்டும்தான் இருக்கும். அம்மா அடுப்படியில் நின்று ‘முடிஞ்சிட்டா, முடிஞ்சிட்டா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தினேஷ் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க முடியாமல் நானும் சவுண்டைக் குறைத்துவிட்டேன்.

திசையன்விளைக்காரி:

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

குமாஸ்தா அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைத் தம்பிக்கு அனுப்பினேன். ஆந்திராவுக்கும் இதே விதிதானா என்று கேட்கிறான். போனைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்கு எப்படித் தகவல் போகும் என்றும் கேட்கிறான்.

வக்கீல் குமாஸ்தா, பாளை:

உச்ச நீதிமன்றம் சொன்னது நாடு முழுவதற்கும்தான், மகளே. ஆந்திரா, கேரளா, பம்பாய் எல்லாம் ஒன்றே. வெளி மாவட்டத்து ஆளாக இருந்தால் அவருடைய ஊருக்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. போனை முதலில் வாங்கிவிடுவார்கள், அதனால் உங்கள் நம்பரையும் கடை முதலாளி நம்பரையும் தம்பியை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பரும் மனதில் நிற்பதில்லை. போன் பண்ணும்போது ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.