கூரஸ் மாளிகை: கல்லை மூடினது சரியா?

கற்றளி:
ஸ்காட்லாந்துல ஃபோர்த் கழிமுகத்தோரம் கூரஸ்னு ஒரு கிராமம். அங்க ஜார்ஜ் புரூஸ்ங்கிற நிலக்கரி வியாபாரி 1597ல இருந்து 1611 வரைக்கும் கட்டின கல் மாளிகை இருக்கு. படிப்படியா ஏறுற முக்கோணச் சுவர், சிவப்பு ஓடு எல்லாம் அருமை. ஆனா சுவர் முழுக்கக் காவி மஞ்சள் பூச்சு! நானூறு வருஷக் கல்லை மூடி சினிமா செட் மாதிரி ஆக்கிட்டாங்க.

கொத்தனார் பேரன்:
மூடினதாலதான் சுவர் நிக்குது. அது செதுக்கின கல் இல்ல, கரட்டுக்கல்லை அடுக்கிக் கட்டினது. சாரல் அடிக்கிற ஊர்ல வெறுமனே விட்டா இடுக்கு வழியா தண்ணி இறங்கும். அதான் சுண்ணாம்பும் சரளை மணலும் கலந்து கரண்டியால சுவர்ல வீசி அடிப்பாங்க. ஹார்லிங்னு பேரு. அந்தக் காலத்து வீடுகள்ல ஜன்னலைச் சுத்தியிருக்கிற செதுக்கின கல்லைப் பாருங்க, சுவரை விடக் கொஞ்சம் துருத்தி நிக்கும். பூச்சு கனத்துக்கு விட்ட இடம் அது.

கற்றளி:
அப்போ அங்க எத்தனையோ பழைய வீடு வெறும் கல்லா நிக்குதே?

கிளாஸ்கோவாசி:
அதுல பாதி விக்டோரியா காலத்துக் கூத்து. கல் தெரிஞ்சாதான் பழமைன்னு பூச்சை உரிச்சாங்க. அப்புறம் வந்தவங்க இடுக்குல சிமெண்ட் வச்சாங்க. சுண்ணாம்பு ஈரத்தை வெளிய விடும், சிமெண்ட் விடாது. ஈரம் கல் வழியாவே வெளியேறப் பார்க்கும், மணற்கல் முகம் பொரிஞ்சு உதிரும். கடைசில கல் குழிஞ்சு சிமெண்ட் கோடு மட்டும் துருத்திட்டிருக்கும். இங்க தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

கற்றளி:
சரி, சுண்ணாம்பு இருக்கட்டும். மஞ்சள் எதுக்கு? வெள்ளை ஆகாதா?

கொத்தனார் பேரன்:
ஸ்டர்லிங் கோட்டைப் பெருமண்டபத்துல பழைய பூச்சோட தடயம் கிடைச்சுதான் 1999ல மஞ்சள் அடிச்சாங்க. கண்ணு கூசுதுன்னு அப்பவும் இதே புலம்பல்தான்.

கற்றளி:
அது நாலாம் ஜேம்ஸ் கட்டின அரச மண்டபம் சார். அங்க தடயம் கிடைச்சா வியாபாரி வீட்டுக்கும் அதே சாயமா?

கிளாஸ்கோவாசி:
புரூஸை லேசா எடை போடாதீங்க. கடலுக்கு அடியில சுரங்கம் வெட்டினவர். 1617ல மன்னர் ஆறாம் ஜேம்ஸே வந்து இறங்கிப் பார்த்தார். 1625 புயல்ல அது அழிஞ்சுது. வீட்டுக்குள்ள பால்டிக் பைன் மரம், கூரைப் பலகையெல்லாம் சித்திரம். ஜன்னல்ல மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி மரக்கதவு. கண்ணாடி அவ்வளவு விலை, அதையும் வாங்கிப் போட்டிருக்கார். இப்படிப்பட்டவர் வெளிச்சுவரை மட்டும் மங்கலா விட்டிருப்பாரா?

கற்றளி:
‘விட்டிருப்பாரா’ங்கிறது ஆதாரம் இல்ல, ஊகம். அந்தச் சுவர்ல கிடைச்ச துணுக்கைக் காட்டுங்க, பேசலாம்.

கொத்தனார் பேரன்:
நிறத்துக்கு எவ்வளவு வேணாலும் சண்டை போடுங்க. நிறம் பூச்சுக்கு மேல அடிக்கிற சுண்ணாம்பு நீர்லதான் இருக்கு. அது மழையில கரையும், சில வருஷத்துக்கு ஒருக்கா அடிச்சே ஆகணும், அப்போ மாத்திக்கலாம். உதிர்ந்துபோன மணற்கல்லை எங்க போய் வாங்குவீங்க?

கற்றளி:
நல்லது. அடுத்த தடவை வெள்ளைக்கு என் ஓட்டு.