எடைமேடை நிரலிலிருந்து வலைப்பக்கத்துக்கு எடையைக் கொண்டுசெல்லப் பாதுகாப்பான வழி எது?

கேள்வி

வணக்கம். லாரி எடைமேடை ஒன்றுக்காக நான் சி ஷார்ப்பில் எழுதிய டெஸ்க்டாப் நிரல், ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிள் வழியே எடையைப் படித்து, இணையம் துண்டிக்கப்பட்டிருக்கும் நேரத்திலும் அதே கணினியில் பதிந்துவைக்கிறது. ரசீது போடும் பக்கம் வெளிச் சர்வரில், எச்டிடிபிஎஸ் முகவரியில் உள்ளது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இருந்தவரை ஆக்டிவ்எக்ஸ் (வலைப்பக்கம் கணினியிலுள்ள நிரலைப் பயன்படுத்த உதவிய நுட்பம்) மூலம் இரண்டையும் இணைத்திருந்தேன். குரோமுக்கு மாறியபின், நிரலுக்குள்ளேயே 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும்) முகவரியில் ஒரு சிறிய எச்டிடிபி சர்வரை இயக்கி, எந்தத் தளமும் விடையைப் படிக்கலாம் என்று பிற தளங்களுக்கான அனுமதியை உலாவிக்குச் சொல்லும் சிஓஆர்எஸ் தலைப்பில் நட்சத்திரக் குறி இட்டுவிட்டேன். குரோம் 142 வந்தது முதல் அந்த அழைப்புக்கு அனுமதி கேட்கும் பெட்டி தோன்றுகிறது. பணியாளர் தெரியாமல் மறுத்துவிட்டால் எடை வருவதில்லை. பெட்டியை எப்படித் தவிர்ப்பது என்பதைவிட, இந்த அமைப்பே சரிதானா என்பதே இப்போது என் கவலை.

மறுமொழி 1

உங்கள் கவலை நியாயமானது. அந்த நட்சத்திரக் குறி இருக்கும்வரை, பணியாளர் வேறொரு தாவலில் திறக்கும் எந்தப் பக்கமும் உங்கள் நிரலிடம் எடையைக் கேட்டுப் பெறலாம். 2019ஆம் ஆண்டு ஜூலையில் மேக் கணினிகளில் ஜூம் செயலிக்கு நேர்ந்ததும் இத்தகையதே. அது 19421ஆம் போர்ட்டில் (பிணைய இணைப்பு எண்) ஓடவிட்டிருந்த உள்ளூர் சர்வரை எந்தத் தளமும் அழைத்து, பயனரைக் கேமரா இயங்கும் நிலையிலேயே கூட்டத்தில் சேர்த்துவிட முடிந்தது. செயலியை நீக்கிய பின்னும் அந்தச் சர்வர் கணினியில் தங்கியிருந்தது.

உள்ளூர் சர்வரையே தொடர்வதானால், ஒவ்வொரு அழைப்பிலும் உலாவி அனுப்பும், அழைத்த தளத்தைக் குறிக்கும் ஆரிஜின் தலைப்பு உங்கள் தளத்தினுடையதுதானா என்று பாருங்கள். டிஎன்எஸ் ரீபைண்டிங் தாக்குதலை (தாக்குபவர் தன் தளப்பெயரை உங்கள் கணினியின் முகவரிக்குத் திருப்பிவிடுவது) தடுக்க, அழைப்பு எந்தப் பெயருக்கு வந்தது என்று சொல்லும் ஹோஸ்ட் தலைப்பையும் சரிபாருங்கள். வெப்சாக்கெட்டுக்கு (தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்பு) மாறினாலும் இந்தச் சோதனை வேண்டும், ஏனெனில் அதற்கு சிஓஆர்எஸ் காவல் கிடையாது. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் ஆரிஜினை மாற்றி எழுத முடியாது. ஆனால் அதே கணினியில் ஓடும் வேறொரு நிரல் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பும் என்பதால், கடவுச்சொல் போன்ற ஒரு ரகசிய டோக்கனையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மறுமொழி 2

கணினிகள் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால் நேட்டிவ் மெசேஜிங்கையே (உலாவி நீட்சி கணினியிலுள்ள நிரலுடன் பேசும் வழி) நான் பரிந்துரைப்பேன். இதில் போர்ட் எதுவும் திறக்கப்படுவதில்லை. உலாவி நீட்சி ஒன்றை எழுதி, எந்த நீட்சிக்கு அனுமதி என்பதை ஒரு ஜேசன் (உரைவடிவத் தரவு) கோப்பில் குறித்து, அக்கோப்பின் இடத்தை அமைப்புகளைச் சேமிக்கும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பதிய வேண்டும். பிறகு செய்திகள் நிரலின் வழக்கமான உள்ளீட்டு, வெளியீட்டு வழிகளான ஸ்டாண்டர்டு இன்புட், ஸ்டாண்டர்டு அவுட்புட் வழியாகச் செல்லும்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உலாவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுடன் இணைவதில்லை. நீட்சியுடன் பேசும் நிரலை, அதாவது ஹோஸ்டை, புதிய செயல்முறையாகத் தானே தொடங்குகிறது. எனவே சிறிய ஹோஸ்ட் ஒன்றைத் தனியாக எழுதி, அது நேம்ட் பைப் (ஒரே கணினியில் இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) மூலம் உங்கள் எடை நிரலுடன் பேசுமாறு அமையுங்கள்.

மறுமொழி 3

எடையைப் படிப்பது மட்டுமே தேவையென்றால், குரோம் 89 முதல் உள்ள வெப் சீரியல் மூலம் பக்கமே கருவியை நேரடியாகப் படிக்கலாம். ஆனால் விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரலே திறந்துவைத்திருக்க முடியும். இணையமின்றியும் பதிவு நடக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நட்சத்திரக் குறியை அன்றே நீக்கிவிட்டு, இரண்டாவது வழியில் எழுதிப் பார்த்தேன். ஹோஸ்ட் தொடங்கிய உடனேயே இணைப்பு அறுந்துவிடுகிறது. சோதனைக்காக ஹோஸ்டின் முதல் வரியில், கன்சோலில் ஆங்கில எழுத்துகளில் "போர்ட் ஓப்பன்" என்று அச்சிடுவதைத் தவிர வேறு எதையும் நான் சேர்க்கவில்லை.

மறுமொழி 2 எழுதியவர்

அந்த வரியே காரணம். கன்சோலில் அச்சிடுவது ஸ்டாண்டர்டு அவுட்புட்டுக்கே, அதாவது உலாவிக்கே, போகிறது. ஒவ்வொரு செய்தியின் முதல் நான்கு பைட்டுகளை உலாவி நீள எண்ணாகப் படிக்கும். நீங்கள் அச்சிட்ட "போர்ட்" என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் அது அப்படியே எண்ணாகக் கொண்டு, சுமார் 195 கோடி பைட் நீளமுள்ள செய்தி வருவதாகக் கருதியிருக்கிறது. ஹோஸ்டிலிருந்து வரும் செய்திக்கு உச்ச வரம்பு 1 எம்பி மட்டுமே. சோதனை வரிகளை ஸ்டாண்டர்டு எரருக்கோ (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டு வழி) ஒரு கோப்புக்கோ மாற்றுங்கள். நீளத்தையும் ஜேசனையும் வரியாக அச்சிடும் ரைட்லைன் கட்டளை கொண்டு எழுதாமல், ஸ்டாண்டர்டு அவுட்புட்டின் ஸ்ட்ரீமைத் திறந்து பைட்டுகளாகவே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

கோப்புக்கு மாற்றியதும் எடை வந்துவிட்டது.