மறு: ‘பி மூவி’க்குத் தமிழில் என்ன? – ‘துணைப்படம்’ என்ற முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டிய பழைய ஹாலிவுட் காலத்தில், பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டப்பட்ட சிறிய படத்தை ஆங்கிலத்தில் ‘பி மூவி’ என்றார்கள். அதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் இங்கே வந்திருக்கின்றன. குழுவின் மூத்தவரான ஐயா ‘இரண்டாந்தரப் படம்’ என்றார்; திரைப்பட வரலாறு கற்பிக்கும் அம்மா ‘இணைப்படம்’ என்றார்; இளைய நண்பர் ஒருவர் மொழிபெயர்க்கவே வேண்டாம், ‘பி படம்’ என்றே இருக்கட்டும் என்றார். நான் ‘துணைப்படம்’ என்பதை முன்வைக்கிறேன். சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல் அழகு என்பதைவிட, சொல் குறிக்க வேண்டிய பொருள் எது என்பதிலேயே நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் ‘பி படம்’. ஹாலிவுட்டின் ஸ்டூடியோக் காலத்துக் கொலை மர்மப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். மெய்ப்புத் திருத்தியவர் அதை ‘பி கிரேடு படம்’ என்று மாற்றி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் அந்த எழுத்து அப்படித்தான் பொருள் தருகிறது. ‘பி கிரேடு’ என்றால் நம் காதில் ஆபாசப் படம். ‘பி சென்டர்’ என்றால் சிறுநகரத்துக் கொட்டகை. இணையாக ‘ஏ படம்’ என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம்: வயது வந்தோருக்கு மட்டும் என்ற தணிக்கைச் சான்றிதழ்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். 1936இல் ஓர் அமெரிக்கக் குடும்பம் குழந்தைகளோடு பார்த்த படத்தை ‘ஏ படம்’ என்று தமிழில் எழுத முடியாது. ஆகவே இந்த இரண்டு எழுத்துகளையும் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து ‘இரண்டாந்தரம்’. இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். ‘தரம்’ என்று சொன்னவுடன் படத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டோம் என்று ஆகிறது. ஆனால் ஸ்டூடியோக்கள் ஒரு படத்தை இந்த வகையில் சேர்த்தது அதைப் பார்த்த பிறகு அல்ல, எடுப்பதற்கு முன்பே.

1930களின் தொடக்கத்தில் பொருளாதாரப் பெருமந்தம் திரையரங்குகளைக் காலியாக்கியபோது, அரங்க உரிமையாளர்கள் ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டத் தொடங்கினார்கள். செய்திப்படம், கார்ட்டூன், வரவிருக்கும் படத்தின் முன்னோட்டம், அவற்றோடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் சிறிய படம் ஒன்று, பெரிய நட்சத்திரங்கள் நடித்த நீண்ட படம் ஒன்று என்று நிகழ்ச்சி அமைந்தது. பெரிய படத்துக்கு அரங்குக்காரர் வசூலில் விகிதப் பங்கு கொடுத்தார். சிறிய படத்துக்கோ கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே வாடகைதான். நம் ஊர்த் திரையரங்குக்காரர்கள் ‘பர்சன்டேஜ்’ என்றும் ‘ஃபிக்ஸட் ஹையர்’ என்றும் பேசுகிற அதே வேறுபாடு இது. இவற்றை ‘விகிதப் பங்கு’, ‘நிலைவாடகை’ என்று குறிக்கலாம் என்பது என் கருத்து.

எல்லாம் இந்த நிலைவாடகையிலிருந்துதான் கிளைக்கிறது. எத்தனை அரங்குகள் எடுக்கும், ஒவ்வொன்றும் எவ்வளவு கொடுக்கும் என்பது முன்கூட்டியே ஏறக்குறையத் தெரிந்துவிட்டால், வரவு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு நன்றாக எடுத்தாலும் அது ஏறாது. சுமாராக எடுத்தாலும் பெரிதாகக் குறையாது. லாபம் வேண்டுமென்றால் செலவை அந்த வரவுக்குக் கீழே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆகவே குறைந்த செலவு என்பது இந்த வகையின் விளைவு, இலக்கணம் அல்ல. இடையில் ஒருவர் சொன்ன ‘மலிவுப்படம்’ என்பதையும் நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. ஆர்கேஓ ஸ்டூடியோ 1942இல் தயாரிப்பாளர் வால் லூட்டனை ஒரு சிறுபடப் பிரிவுக்குத் தலைவராக்கியபோது விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள்: தலைப்பை ஸ்டூடியோ கொடுக்கும், நீளம் 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, செலவு 1,50,000 டாலரைத் தாண்டக் கூடாது. படம் நன்றாக இருக்க வேண்டுமா, கூடாதா என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. அந்த வேலிக்குள் நின்றுதான் 1943இல் ‘த லெப்பர்ட் மேன்’ என்ற தொடர்கொலைப் படம் வந்தது. இருட்டுத் தெருவில் துரத்தப்பட்டு வரும் ஒரு சிறுமி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். தாய் திறக்கத் தாமதிக்கிறாள். நாம் கதவின் உட்பக்கத்தில் நிற்கிறோம். வெளியே நடப்பது எதையும் காட்டாமல், கதவின் அடியில் ரத்தம் வழிந்து வருவதை மட்டும் காட்டுகிறார்கள். இதை ‘இரண்டாந்தரம்’ என்று எழுத என் கை வரவில்லை, ஐயா.

கொலை மர்மக் கதை இந்த வகைக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதையும் நிலைவாடகைக் கணக்கே விளக்கிவிடுகிறது. ஒரு வீடு, ஒரு மழை இரவு, வெளியே போக முடியாத எட்டுப் பத்துப் பேர், ஒரு பிணம் இருந்தால் கதை நடந்துவிடும். போர்க்களம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். விளக்கைக் குறைத்தால் படப்பிடிப்பு அரங்கில் சுவரே இல்லாத பக்கமும் தெரியாது. துப்புகள் பேச்சில் வருவதால் நடிகர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பல பக்க வசனத்தை ஒரே நாளில் எடுத்துவிடலாம். கடைசியில் துப்பறிபவர் எல்லாரையும் கூடத்தில் கூட்டிவைத்துக் கொலையாளியைச் சுட்டுவது நாவல்களிலிருந்து வந்த மரபுதான். ஆனால் அதைவிடச் சிக்கனமான உச்சக்காட்சியை எந்தத் தயாரிப்பு மேலாளராலும் கேட்டு வாங்க முடியாது. துப்பறிபவர் பெயர் ஒருமுறை மக்களுக்குப் பழகிவிட்டால் அடுத்த படத்துக்கு விளம்பரச் செலவும் குறைந்துவிடும். வரிசை வரிசையாக இந்தப் படங்கள் வந்ததன் காரணம் இது: கொலம்பியாவில் செஸ்டர் மோரிஸ் நடித்த பாஸ்டன் பிளாக்கி வரிசை 1941 முதல் 1949 வரை 14 படங்கள், யூனிவர்சலில் பேசில் ராத்போன் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ் வரிசை 1942 முதல் 1946 வரை 12 படங்கள்.

இனி அம்மாவின் ‘இணைப்படம்’. நிகழ்ச்சியில் இன்னொன்றோடு சேர்ந்து வருவது என்பதை இது சரியாகப் பிடிக்கிறது. தரத்தைப் பற்றிப் பேசுவதும் இல்லை. இந்த மூன்றில் எனக்கு மிக நெருக்கமான சொல் இதுதான். ஆயினும் இரண்டு தயக்கங்கள். ‘இணை’ என்றால் சமம் என்ற பொருள் முந்திக்கொள்கிறது. இங்கோ ஒன்று வசூலில் பங்கு பெற்றது, மற்றொன்று கூலி பெற்றது. மேலும் ‘இணையப்படம்’ என்று இன்று பரவலாக எழுதுகிறோம். ஓர் எழுத்து விடுபட்டால் பொருளே மாறிவிடும்.

‘துணைப்படம்’ என்பதில் இந்த இரண்டு இடர்களும் இல்லை. துணைவேந்தர், துணைத்தலைவர், துணைப்பாட நூல் என்று நாம் அன்றாடம் சொல்வதில் ‘துணை’ என்பது இடத்தைக் குறிக்கிறது, தகுதியைக் குறைப்பதில்லை. வழித்துணை என்பதில் உள்ளதுபோல், கூடவே போவது என்ற பொருளும் இருக்கிறது. செய்திப்படம், குறும்படம், ஆவணப்படம் என்ற குடும்பத்தில் இயல்பாகப் போய் அமர்கிறது. ஒற்று மிக்கு ஒரே சொல்லாக எழுத வேண்டும். துணைப்படப் பிரிவு, துணைப்பட இயக்குநர் என்று நீட்டிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை. இதற்கு எதிர்ச்சொல்லாக ‘முதன்மைப்படம்’ என்று வைக்கலாம். ‘முதற்படம்’ ஆகாது, அது ஒருவர் முதன்முதலில் நடித்த அல்லது இயக்கிய படம் என்று ஆகிவிடும்.

இந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க சார்லி சான் வரிசையைவிட நல்ல உரைகல் கிடையாது. அமெரிக்க நாவலாசிரியர் ஏர்ல் டெர் பிகர்ஸ் படைத்த இந்தச் சீன வம்சாவளித் துப்பறிவாளராக, சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட் 1931 முதல் ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு 16 படங்கள் நடித்தார். சீனரல்லாத ஒருவருக்கு இந்த வேடம் போனது இன்று நியாயமாகவே கேள்விக்கு உள்ளாகிறது. அது தனியாகப் பேச வேண்டியது. ஃபாக்ஸ் எடுத்த படங்கள் பெரிய ஸ்டூடியோவின் ஒளிப்பதிவாளர்களும் படப்பிடிப்பு அரங்குகளும் கொண்டு எடுக்கப்பட்டவை. 1936இல் வந்த ‘சார்லி சான் அட் த ஆப்பரா’வில் திகில் படங்களால் புகழ்பெற்ற போரிஸ் கார்லாஃப் நடித்தார்; அந்த ஒரு படத்துக்காகவே இசையமைப்பாளர் ஆஸ்கர் லெவன்ட் புதிதாக ஓர் இசைநாடகப் பகுதியை எழுதிக் கொடுத்தார். ஓலண்ட் 1938இல் இறந்த பிறகு சிட்னி டோலர் தொடர்ந்தார். 1942இல் ஃபாக்ஸ் வரிசையைக் கைவிட்டது. டோலர் திரைப்பட உரிமையைத் தாமே வாங்கிக்கொண்டு போனார். 1944 முதல் மோனோகிராம் என்ற சிறு நிறுவனம் அதே நடிகரை, அதே பாத்திரத்தை வைத்து, மிகக் குறைந்த செலவில் படங்களை எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றில் ஓடும் ஆறும் மற்றொன்றில் வறண்ட வாய்க்காலும் போல இருக்கும். ‘மலிவுப்படம்’ என்று சொன்னால் முன்னதை விட்டுவிட வேண்டியிருக்கும். ‘இரண்டாந்தரம்’ என்றால் பின்னதை மட்டும் சொல்வதாக ஆகும். ‘துணைப்படம்’ இரண்டையும் தழுவுகிறது, ஏனென்றால் இரண்டும் சந்தைக்குப் போனது ஒரே இடத்தில் அமரத்தான்.

இந்த வகையின் உச்சமாக நான் கருதுவது ஆர்கேஓ 1940இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் த தேர்ட் ஃப்ளோர்’. ஓடும் நேரம் 64 நிமிடம்; இயக்கம் போரிஸ் இங்ஸ்டர், ஒளிப்பதிவு நிக்கலஸ் முசுராகா. சிற்றுண்டிக் கடைக்காரர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் ஒரு செய்தியாளர் சாட்சி சொல்கிறார். அந்தச் சாட்சியத்தால் ஓர் இளைஞனுக்கு மரண தண்டனை கிடைக்கிறது. பிறகு செய்தியாளரின் அடுத்த அறைக்காரரே கொலையுண்டு கிடக்க, சந்தேகம் செய்தியாளர் மேலேயே திரும்புகிறது. நடுவில் வரும் கனவுக் காட்சியில் நீதிமன்றம் என்று ஏறக்குறைய எதுவுமே கட்டப்படவில்லை: சாய்ந்து விழும் பெருநிழல்கள், சில இருக்கைகள், கூண்டில் கத்தும் ஒரு மனிதன். பணம் இல்லாத குறையை நிழலால் நிரப்பியிருக்கிறார்கள். அந்த நிழலே பின்னால் ‘ஃபிலிம் நுவார்’ என்று உலகம் கொண்டாடிய, இருள் சூழ்ந்த குற்றப்படப் பாணியின் தொடக்கங்களில் ஒன்று என்று வரலாற்றாசிரியர்கள் பலர் இந்தப் படத்தைச் சுட்டுகிறார்கள்.

இரு இடத்துக்கும் பொருந்தும் படம் ஒன்று உண்டு; நகரத்து அரங்கில் துணையாகவும் சிற்றூர் அரங்கில் முதன்மையாகவும் ஓடும். ஆங்கிலத்தில் அதை ‘புரோகிராமர்’ என்றார்கள். கணினி நிரலாளரோடு குழம்பாமல் இருக்க ‘இருநிலைப்படம்’ என்று சொல்லலாம். ஒரே சீட்டுக்கு இரண்டு படம் காட்டும் முறைக்கு ‘இரட்டைப்படக் காட்சி’ போதும்.

என் சொல்லுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாராமவுண்ட் முதலிய ஸ்டூடியோக்கள் மீதான வழக்கில் தீர்ப்பளித்து, நல்ல படம் வேண்டுமானால் இந்தப் படங்களையும் சேர்த்து வாடகைக்கு எடு என்று அரங்குக்காரர்கள் கட்டாகத் தலையில் கட்டும் பழக்கத்துக்கு முடிவு கட்டியது. அதோடு தொலைக்காட்சியும் வந்து, அரை மணி நேரத் துப்பறியும் கதையை வீட்டுக்கே கொண்டுபோனது. துணைப்படம் உட்கார இருந்த நாற்காலியே போய்விட்டது. அதற்குப் பின் குறைந்த செலவில் தனியாக வெளியான படங்களையும் ஆங்கிலத்தில் ‘பி மூவி’ என்றே சொல்கிறார்கள். அவற்றைத் துணைப்படம் என்று தமிழில் எழுதினால் பிழையாகும். அங்கே ‘சிறுமுதல் படம்’ என்று எழுதலாம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இடம் பார்த்து இரண்டு தமிழ்ச் சொற்கள் வருவதில் தவறில்லை.

‘கொலை மர்மப் படம்’ என்பதை மாற்ற வேண்டுமா என்றும் கேள்வி வந்தது. ‘துப்பறிபடம்’ என்று வினைத்தொகையாக ஒருவர் ஆக்கியிருந்தார்; இலக்கணப்படி அழகான ஆக்கம்தான். ஆனால் வழக்கில் இருக்கும் சொல் எல்லாருக்கும் புரியும்போது அதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவது தேவையில்லை. துப்பறிபவரே இல்லாமல், மாட்டிக்கொண்டவரே உண்மையைத் தேடும் படங்களும் உண்டு. மேலே சொன்ன செய்தியாளர் கதை அப்படிப்பட்டதே. ‘கொலை மர்மத் துணைப்படம்’ என்று சேர்த்து எழுதுவது எனக்கு உடன்பாடு.

‘பாவர்ட்டி ரோ’ மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. மோனோகிராம் போன்ற சிறு நிறுவனங்களை, அவற்றில் பல தொடக்கத்தில் கௌவர் தெருப் பக்கம் இருந்ததால், ஹாலிவுட் ஏளனமாக அழைத்த பெயர் அது. ‘வறுமை வரிசை’ என்றால் அரசு அறிக்கையின் புள்ளிவிவரம்போல ஒலிக்கிறது. பட்டப்பெயரின் குத்தல் வரவில்லை. ‘பஞ்சைப் பராரி’ என்று சொல்கிறோமே, அந்தப் பஞ்சையை எடுத்துக்கொண்டு ‘பஞ்சைத் தெரு’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். வட்டார வழக்கில் இதைவிடக் கூர்மையான சொல் யாரிடமாவது இருந்தால், வாக்கியத்தில் வைத்தே எழுதி அனுப்புங்கள். தனிச் சொல்லாகப் பார்த்தால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றிவிடுகிறது.

அன்புடன்.